நலத்தை அளந்த மரக்கால்

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இந்திய அரசாங்கத்தின் வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் ஒரு பட்டியலை வெளியிட்டது. நாட்டின் 111 நகரங்களில் மக்கள் வாழ்க்கை எத்துணை எளிதாக நடைபெறுகிறது என்பதை 78 குறிகளைக் கொண்டு ஆராய்ந்து வரிசைப்படுத்திய பட்டியல் அது. முதலிடம் புணே நகருக்கு. அடுத்தவை நவி மும்பையும் பெருநகர் மும்பையும். நான்காவதாக நின்றது திருப்பதி. சென்னைக்குப் பதினான்காம் இடந்தான் கிடைத்தது. வேங்கடத்தான் திருவடியில் வாழ்வோருக்கு இஃது இயல்பே என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. கோடைக்காலத்தில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்கும் தெருக்களில் இச்செய்தி சற்றே ஐயத்தோடு வாசிக்கப்பட்டிருந்தால் அதுவும் இயல்பே.

2021 மார்ச்சுத் திங்களில் அடுத்த பட்டியல் வந்தது. பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உடைய நகரங்களின் வரிசையில் சிம்லா முதலிடம் பெற்றது. சேலம் ஐந்தாவது, வேலூர் ஆறாவது, திருச்சிராப்பள்ளி பத்தாவது. முதற் பத்தில் திருப்பதியைக் காணோம். இடைப்பட்ட மூன்றாண்டில் ஊர் அவ்வளவு தாழ்ந்துவிட்டதா? ஊரைக் காட்டிலும் மிகுதியாக மாறியது அளவுகோல். இம்முறை குடிமக்களையே வினவி, அவர்கள் கூறிய விடைகளுக்கு நூற்றுக்கு 30 பங்கு மதிப்பளித்தனர். வளம் குன்றாது நிலைத்து நிற்கும் தன்மைக்கு 20 பங்கு ஒதுக்கினர். அளப்பவர் யார், யாரைக் கேட்டு அளக்கிறார், எத்தனை காலத்தை எண்ணி அளக்கிறார் என்பவை மாறும்போது அளவும் மாறிவிடுகிறது.

இது புதிய செய்தியன்று. 'நிலைத்த வளர்ச்சி' என்னும் தொடர், புருண்ட்லாந்து அம்மையார் தலைமையில் அமைந்த உலக ஆணையத்தின் 1987-ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின்னரே எங்கும் பரவியது என்பது மெய். ஆயினும் திருப்பதியையும் சித்தூரையும் சூழ்ந்த நிலப்பகுதியில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் நலம் ஏதேனும் ஒரு கோலால் அளக்கப்பட்டே வந்திருக்கிறது. அவ்வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

திருமலைக் கோயிலின் சுவர்களிலும், மலையடிவாரத்துக் கோவிந்தராசர் கோயிலிலும், சுற்றியுள்ள பிற கோயில்களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பான்மை தமிழில் பொறிக்கப்பட்டவை. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் திருமலைக்குச் செல்லும்போது கூட்ட நெரிசலில் இவற்றை நின்று நோக்க இயலாது. எனினும் தேவஸ்தானத்தின் தொல்லியல் அறிஞர் சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் முதலியோர் உழைப்பால் 1930-களில் இவை தொகுதி தொகுதியாக அச்சேறியுள்ளன.

சந்திரகிரியைத் தம் இருக்கையாகக் கொண்டிருந்த சாளுவ நரசிம்மர் காலத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலான சாசனங்களைப் படிப்போர் ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்பக் காண்பர். அடியார் ஒருவர் இத்தனை நற்பணம் என்று கோயில் பண்டாரத்தில் செலுத்துகிறார். கோயிலை நிர்வகிக்கும் ஸ்தானத்தார் அப்பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. கோயிலுக்குரிய சிற்றூர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டுவதற்கு அதனைச் செலவிடுகின்றனர். நீர் வந்ததால் மிகுதியாக விளைந்த நெல்லைக் கொண்டு, கொடையாளர் குறித்த நாளில், குறித்த அளவில் இறைவனுக்குத் திருப்போனகம் படைக்கப்படுகிறது. அரிசி இத்தனை மரக்கால், நெய் இத்தனை உழக்கு, பயறு இவ்வளவு, தயிர் இவ்வளவு, பாக்கு இத்தனை, வெற்றிலை இத்தனை என்று கல் ஒன்றையும் விடாது கணக்கிடுகிறது. படைத்த அன்னத்தில் நாலில் ஒரு பங்கு கொடையாளருக்குரியது. அதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். அப்பங்கினை வழிப்போக்கருக்கு உணவளிக்கும் இராமாநுஜ கூடங்களுக்கு எழுதி வைத்தவர்களும் உண்டு.

இவ்வேற்பாடு எத்தனை நாள் நடக்க வேண்டும் என்பதற்குச் சாசனங்கள் கூறும் சொல் 'சந்திராதித்தவரை' என்பது. சந்திரனும் ஆதித்தனும் உள்ளவரை என்பது பொருள். அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரிபவன் நான். உலக நிறுவனங்களின் அறிக்கைகளில் வரும் 'நிலைத்த' என்னும் கருத்துக்குத் தகுந்த தமிழ்ச் சொல் எது என்பது பற்றி எங்களிடையே விவாதம் எழுவதுண்டு. நீடித்த வளர்ச்சி என்பார் ஒருவர். வளங்குன்றா வளர்ச்சி என்பார் மற்றொருவர். நம் முன்னோர் அக்கருத்தை ஒரே சொல்லில் கல்லில் வெட்டிவிட்டுப் போயிருக்கின்றனர். முதல் அழியாமல் இருக்க வேண்டும், விளைவின் மிகுதியை மட்டுமே உண்ண வேண்டும் என்னும் பொருளியல் நெறி அதில் அடங்கியிருக்கிறது. அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1960-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், திருப்பதிக் கோயில் அக்காலத்தில் ஆற்றிய பொருளாதாரப் பணி இதுவே என்று எடுத்துக்காட்டினார். 1985-இல் திருமலையில் தொடங்கப்பெற்ற நித்திய அன்னதானத் திட்டமும் இந்நெறியை ஒட்டியதே. வேறுபாடு ஒன்று உண்டு: பழங்காலத்தார் முதலை ஏரியில் இட்டனர்; நாம் வங்கியில் இடுகிறோம்.

ஆனால் புகழ்ந்து விட்டுப் போவதற்கில்லை. உழக்கு நெய்யையும் விடாது எண்ணிய அக்கல்வெட்டுகள் எண்ணியது இறைவனுக்குப் படைத்ததையும் அதில் பங்கு பெற்றோரையுமே. ஏரிக்கு மண் சுமந்தவன் வீட்டில் அன்று எவ்வளவு சோறு வெந்தது என்பதற்கு அவற்றில் வரி இல்லை. காலத்தை அளந்த அந்த மரக்கால் கூலியாளின் வயிற்றை அளக்கவில்லை.

கூலியாளின் வயிறு முதன்முதலாக அளக்கப்பட்ட காலம் வேறு. அது கொடிய காலம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டனார் தலைமுறையினர் 'தாது வருஷத்துப் பஞ்சம்' என்று சொல்லக் கேட்டிருப்போம். அக்காலத்தில் சித்தூரும் திருப்பதியும் வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த ஜில்லாவின் தலைநகரே சித்தூர்தான். 1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்டு டெம்பிள் என்பாரைப் பஞ்ச நிலைமையைப் பார்வையிட அனுப்பினார். செலவைக் குறைக்க வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. நிவாரண வேலை செய்யும் ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அவர் அளவு குறித்தார். பெண்டிருக்கும் சிறுவருக்கும் அதனினும் குறைவு.

சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதனை எதிர்த்தார். நாள் முழுதும் வெயிலில் கல் உடைப்பவன் ஒரு ராத்தல் தானியத்தில் உயிர் தரிக்க மாட்டான். ஒன்றரை ராத்தல் தானியமும், அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். சென்னை அரசாங்கம் அவ்வாண்டு மார்ச்சில் இடைவழி ஒன்றைப் பற்றி, ஒன்றேகால் ராத்தலும் சிறிது பருப்பும் என உயர்த்தியது. ஒரு மனிதன் உயிர் வாழ எவ்வளவு தேவை என்பதை இரு அதிகாரிகள் கால் ராத்தலும் அரை ராத்தலுமாக வழக்காடிய இந்நிகழ்ச்சி, இந்தியாவில் வறுமையை அளக்கும் முயற்சியின் தொடக்கங்களுள் ஒன்று எனலாம். அதே 1876-இல் தாதாபாய் நௌரோஜி தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். இந்தியன் ஒருவனின் ஆண்டு வருமானம் சராசரி 20 ரூபாய் என்று கணக்கிட்ட அப்பெரியார், அதனைச் சிறைக் கைதி ஒருவனுக்கு ஆகும் உணவு, உடைச் செலவோடு ஒப்பிட்டார். குற்றமற்ற குடியானவன் குற்றவாளியைவிடக் குறைவாகவே பெறுகிறான் என்பது அவர் கண்ட முடிவு. வைசிராயின் தூதரும் அளந்தார், நௌரோஜியும் அளந்தார். ஒருவர் எவ்வளவு குறைக்கலாம் என்று அளந்தார்; மற்றவர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தார்.

பஞ்சத்துக்குப் பின் எண்ணிக்கை நடந்தது. வட ஆர்க்காடு ஜில்லாவில் 1871-இல் ஏறத்தாழ 20 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1881-இல் ஏறத்தாழ 18 லட்சமாகக் குறைந்திருந்தது. மடிந்தவர் பலர், பிறவாமற் போனோர் பலர், கப்பலேறிக் கடல் கடந்தோரும் உண்டு. இங்கு நேயர்கள் ஒரு சிறு கணக்கைக் கருத வேண்டும். ஜில்லாவின் நிலப்பரப்பை 1871-இல் மக்கள்தொகையால் வகுத்தால் கிடைக்கும் தலைவீதப் பங்கைக் காட்டிலும் 1881-இல் கிடைக்கும் பங்கு பெரிதாகவே இருக்கும். பத்துப் பேரில் ஒருவர் இல்லாமற் போனமையால் எஞ்சிய ஒன்பது பேரின் சராசரி உயர்கிறது! வகுத்தல் கணக்கில் பிழையில்லை. பிழை, இல்லாதவரைக் கணக்கில் கொள்ளாத கோலில் இருக்கிறது. ஊரை விட்டு வந்த நமக்கு இக்கணக்கு நெருங்கிய தொடர்புடையது. பின்னர் இதற்கு வருவோம்.

1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் தனி ஜில்லாவாயிற்று. வட ஆர்க்காட்டிலிருந்து சில தாலுகாக்களும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி முதலியவையும் பிரிந்து இதில் சேர்ந்தன. மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் என்னும் இடத்தில் எழுந்த காசநோய் மருத்துவமனை தென்னாடெங்கும் அறியப்பட்டது. 1948-இல் கிண்டி கிங் நிலையத்தில் பி.சி.ஜி. தடுப்பு மருந்து தயாரிக்கும் கூடம் அமைந்ததும், இந்தியாவில் அவ்வூசி முதன்முதலாகப் போடப்பட்டது மதனப்பள்ளியிலேதான். அதனை அடுத்து அப்பகுதியின் ஊர்களில் வீடு வீடாகச் சென்று காசநோயாளரை எண்ணினர். தானியத்தை விட்டு நுரையீரலை அளந்தது அம்முயற்சி. மருத்துவமனைக்கு வந்தவரை மட்டும் எண்ணினால் நோயின் அளவு தெரியாது, வராதவரைத் தேடிச் சென்று எண்ண வேண்டும் என்பதை அங்கே நடைமுறையில் காட்டினர். ஆயினும் 1962-இல் திட்டக்குழுவின் சார்பில் அறிஞர் குழு ஒன்று வறுமைக்கு எல்லை வகுத்தபோது, ஆளொன்றுக்குத் திங்களுக்கு 20 ரூபாய் என்று 1960-61 விலைவாசியில் கணித்து, மருத்துவமும் கல்வியும் அரசாங்கத்தின் பொறுப்பு என்று அவற்றை அத்தொகையில் சேர்க்காது விட்டது. பொறுப்பு என்று எழுதுவது எளிது.

இதே காலத்தில் இந்நிலப்பகுதி வேறொரு கோலாலும் அளக்கப்பட்டது. அஃது மொழி. ம. பொ. சிவஞானம் அவர்கள் தலைமையில் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைக்காகப் போராடிய வரலாற்றை மூத்த நேயர்கள் அறிவர். பட்டாஸ்கர் அவர்கள் சிற்றூரை அலகாகக் கொண்டு, தொடர்ந்த நிலப்பரப்பும் பெரும்பான்மையோர் மொழியும் நோக்கி எல்லை வகுத்தார். 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. சத்தியவேடு போன்ற பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. எல்லை வகுத்தது முறையே. எனினும் ஆரணியாறும், சித்தூர் நகரையொட்டி ஓடும் நீவா என்னும் பொன்னை ஆறும், குசஸ்தலை ஆறும் எம்மொழியும் பேசாமல் அவ்வெல்லையைக் கடந்து தமிழகத்தை நோக்கி ஓடுகின்றன. ஒரு மாநிலத்தின் நலக்கணக்கில் ஏறும் அணையின் நீர், அடுத்த மாநிலத்தின் கணக்கில் வறண்ட மணலாக எழுதப்படலாம். இரு கணக்குகளையும் சேர்த்துப் பார்க்கும் பேரேடு இன்னும் இல்லை.

உலக அரங்கிலும் இதே குறைபாட்டோடு அறிஞர் நெடுங்காலம் போராடினர். நாட்டு வருமானத்தைக் கணிக்கும் முறையை வகுத்த சைமன் குஸ்நெட்ஸ், 1934-இலேயே அத்தொகையைக் கொண்டு மக்கள் நலத்தை முடிவு செய்யலாகாது என்று எச்சரித்தார். தஞ்சையில் பிறந்து, கணக்காய்வாளராகத் தொழில் புரிந்து, பின்னர் காந்தியடிகளிடம் சென்று சேர்ந்த ஜே. சி. குமரப்பா, சிறையிலிருந்தபோது எழுதி 1945-இல் வெளியான தம் நூலில், நிலைபேறுடைய பொருளாதாரம், நிலையாப் பொருளாதாரம் என இரண்டாகப் பிரித்துக் காட்டினார். அரசாங்க அறிக்கைகள் அச்சொல்லைக் கற்பதற்கு நாற்பதாண்டு முன்னரே ஒரு தமிழர் அதனை நூலாக்கினார் என்பதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. 1990-இல் மகபூப் உல் ஹக், அமர்த்தியா சென் ஆகியோர் முயற்சியால் மனித மேம்பாட்டுக் குறியீடு தோன்றியது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றும் அதில் இடம்பெற்றன. தொடக்கத்தில் மூன்றையும் கூட்டிச் சராசரி கண்டனர். 2010 முதல் பெருக்கி மூலம் காண்கின்றனர். மூன்று மாடு பூட்டிய வண்டியில் ஒரு மாடு நொண்டினால் மற்ற இரண்டின் வலிமை அதனை முழுதும் ஈடு செய்யாது என்னும் உண்மை அதனால் கணக்கில் ஏறியது. 2020-இல் பூமிக்கு ஏற்படும் சுமையையும் கழித்துப் பார்த்தனர். முதலிடத்தில் இருந்த நார்வே 15 இடம் கீழே இறங்கிற்று. சந்திராதித்தவரை என்னும் சொல் வேறு உருவில் திரும்பி வந்தது எனலாம்.

திருப்பதியின் நிலையோ பழைய ஏரிகளோடு இன்றும் பிணைந்தே இருக்கிறது. நகர்க்குக் குடிநீர் கல்யாணி அணையிலிருந்தும் தெலுங்கு கங்கைத் திட்டத்திலிருந்தும் வருகிறது. இரண்டாம் பட்டியல் வெளியான அதே 2021-ஆம் ஆண்டின் நவம்பரில் பெருமழை கொட்டி நகர்த் தெருக்கள் ஆறாயின. விசயநகர காலத்ததாகக் கருதப்படும் இராயலசெருவு என்னும் ஏரியின் கரையில் கசிவு கண்டு, கீழேயிருந்த சிற்றூர் மக்களை வெளியேற்ற நேர்ந்தது. நகரைத் தரவரிசையில் ஏற்றும்போது, ஏழெட்டுக் கல் தொலைவிலுள்ள ஏரிக்கரையின் உறுதியை யாரும் மதிப்பெண்ணாக்குவதில்லை. மேற்கே சித்தூர்ப் பக்கத்து மேட்டு நிலங்களிலோ எதிர்மறையான துன்பம். வேர்க்கடலை விதைத்தவர் வானத்தைப் பார்க்கின்றனர். ஆழ்துளைக் கிணறு இறக்கியவர் பாதாளத்தைப் பார்க்கின்றனர். நிலத்தடி நீரை இறைத்து விளைத்த பயிர் அவ்வாண்டு வருமானமாகக் கணக்கில் ஏறுகிறது. இறைத்த நீர் செலவாக ஏறுவதில்லை.

நம் ஊர்ப்புறத்துக் கடிதங்கள் இவ்வகையில் நல்ல அளவுகோல்களாக இருந்தன. 'இங்கு அனைவரும் நலம், அங்கு நலமறிய அவா' என்று தொடங்கும். அடுத்து வரும் வினாக்கள் எவை? மழை பெய்ததா, கிணற்றில் நீர் உண்டா, பசு கன்று ஈன்றதா, அம்மாவின் இருமல் தணிந்ததா, தம்பி பள்ளிக்கூடம் போகிறானா. பணவிடை வந்து சேர்ந்ததா என்பது கடைசியில் வரும். மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்று பொருள் வைத்த மொழி நம்முடையது.

அக்கடிதத்தை எழுதுகிறவரை எந்தக் கணக்கு எண்ணுகிறது என்பதே எஞ்சிய வினா. அவர் பிறந்த ஊரின் குறியீட்டில் அவர் இல்லை. அவர் அனுப்பும் பணம் அவ்வூரின் வளமாகத் தோன்றும். அவர் இல்லாமை குறையாகத் தோன்றாது. 1881-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே பிறந்த இடம் எது என்னும் வினா இருந்தது. பிற்காலத்தில், ஊர் பெயர்ந்தமைக்குக் காரணம் என்ன என்பதையும் கேட்கலாயினர். 1991-ஆம் ஆண்டுப் படிவத்தில் அக்காரணங்களுள் ஒன்றாக வறட்சி, வெள்ளம் போன்ற இயற்கை இடர்கள் குறிக்கப்பட்டிருந்தன. 2001-இல் அதனை நீக்கினர். 2011-இலும் அது சேர்க்கப்படவில்லை. கிணறு வற்றியதால் சித்தூர்ப் பக்கத்துச் சிற்றூரை விட்டுப் பெங்களூருக்கோ சென்னைக்கோ சென்றவர், அவ்விரு படிவங்களிலும், வேலைக்காக வந்தவர் என்றே எழுதப்பட்டார்.